2200ஜி இருந்த மதர்போர்டில் 5600 செயலி: விசிறி சுற்றுகிறது, திரையில் படம் வரவில்லை

கடைக்காரி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் அச்சு வேலையும் காணொளித் தொகுப்பும் செய்யும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி நிரல் என வேலைகள் வரும். தைப்பூசம் முடிந்துவிட்டால் இரண்டு மாதங்களுக்குக் காவடிக் காணொளிகளே அதிகம். இவ்வளவையும் 2018-இல் வாங்கிய ஒரே கணினிதான் தாங்கி வந்தது. அதில் இருப்பது ரைசன் 3 2200ஜி செயலி, ஏ320 வகை மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 2400 ரேம் ஒன்று. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையிலிருந்தே திரைக்குக் கம்பி போகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2200ஜி செயலியோ விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. எனவே, இதே சாக்கெட்டில் உட்காரும் என்று கேட்டறிந்து, பழையதாக விற்பனைக்கு வந்த ரைசன் 5 5600 ஒன்றையும், கூடவே 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் ஒன்றையும் வாங்கினேன். இரண்டையும் மாட்டி இயக்கினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டு சென்றபோது, மதர்போர்டு கெட்டுவிட்டது என்றும், புதிய பி650 மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் வாங்கினால் இந்தச் செயலியை அதில் பொருத்தித் தருவதாகவும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாத வருமானத்துக்குச் சமம். பணம் கட்டுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். உண்மையிலேயே மதர்போர்டு போய்விட்டதா?

மழைநகர் (தைப்பிங்)

வணக்கம் அம்மா. முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மதர்போர்டு கெட்டதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அதைவிட முக்கியமாக, அவர்கள் சொன்ன பி650 மதர்போர்டில் உங்கள் 5600 உட்காரவே உட்காராது. 5600 ஏஎம்4 சாக்கெட்டுக்கு உரியது. அதன் அடிப்பக்கத்தில் 1331 ஊசிகள் இருக்கும். பி650 ஏஎம்5 சாக்கெட் கொண்டது. அங்கே ஊசிகள் மதர்போர்டில் இருக்கும், செயலியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், தொடுமுனைகளின் எண்ணிக்கையும் 1718. அந்த வழியில் போனால் மதர்போர்டு, ரேம், செயலி மூன்றையுமே புதிதாக வாங்க நேரிடும். கணினி விற்கப்பட்டபோது விண்டோஸ் உரிமமும் சேர்ந்தே வந்திருந்தால், அது பழைய மதர்போர்டோடு பிணைக்கப்பட்டிருக்கும், அதையும் இழப்பீர்கள்.

உங்களுக்குப் படம் வராததற்கு இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று திரையைக் கறுப்பாகவே வைத்திருக்கும் என்பதால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

முதல் காரணம் செயலியின் பெயரில் உள்ள எழுத்து. 2200ஜி என்பதில் உள்ள 'ஜி' அந்தச் செயலிக்குள்ளேயே வேகா கிராஃபிக்ஸ் இருப்பதைக் காட்டுகிறது. உங்கள் 5600-இல் அந்த எழுத்து இல்லை, கிராஃபிக்ஸும் இல்லை. மதர்போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளை செயலிக்குள் உருவாகும் படத்தை வெளியே கொண்டுவரும் வாசல் மட்டுமே. உள்ளே படம் உருவாகாதபோது அந்த வாசலில் எதுவும் வராது. இந்தச் செயலியோடு தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 5600ஜி போன்ற 'ஜி' வகைச் செயலிக்கு மாற வேண்டும்.

இரண்டாவது பயாஸ், அதாவது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல். ஏ320 மதர்போர்டுகள் 2017-இல் முதல் தலைமுறை ரைசனோடு வந்தவை. 5600 செயலியோ 2022-இல்தான் வந்தது. தனக்குப் பின் பிறந்த செயலியை மதர்போர்டுக்குத் தானாகத் தெரியாது. பயாஸைப் புதுப்பித்தால்தான் அடையாளம் தெரியும். இந்தப் பழைய மதர்போர்டுகளுக்கு 5000 வரிசைக்கான ஆதரவை ஏஎம்டி நிறுவனம் 2022-இல்தான் திறந்துவிட்டது. சாக்கெட் ஒன்றாக இருப்பது செயலி உட்காருவதற்கு மட்டுமே உத்தரவாதம், ஓடுவதற்கு அல்ல.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை பழைய 2200ஜி-யைத் திரும்பப் பொருத்துவதுதான். அதற்கு முன் இரண்டு செயலிகளின் ஊசிகளையும் நல்ல வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பார்த்து, எதுவும் வளைந்திருக்கிறதா என்று சொல்லுங்கள். பழைய செயலியோடு படம் வந்தால், உள்ளே நுழைந்து பயாஸ் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் முழுப் பெயரும், மூலையில் சிறிதாக இருக்கும் திருத்த எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு திருத்தங்கள் இருந்தால் அவற்றுக்கான பயாஸ் கோப்புகள் வேறுபடலாம்.

கடைக்காரி (சுங்கை சிப்புட்)

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை கடையைத் திறக்கும் முன்பே பார்த்தேன். ஊசிகள் அனைத்தும் நேராகவே இருக்கின்றன. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முதன்முறை நான் விசிறியைக் கழற்றியபோது, செயலியும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்துவிட்டது. அதனால்தான் நானே எதையோ கெடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள்களாக உறக்கமில்லாமல் இருந்தேன். பழைய செயலியைப் பொருத்தியவுடன் படம் வந்துவிட்டது, விண்டோஸும் திறந்தது. பயாஸ் தேதி 2018 என்று காட்டுகிறது.

குன்றடி (ஈப்போ)

அக்கா, செயலி விசிறியோடு ஒட்டிக்கொண்டு வருவது ஏஎம்4-இல் அடிக்கடி நடப்பதுதான். நீங்கள் செய்த பிழை என்று எண்ண வேண்டாம். இடையில் உள்ள வெப்பப் பசை ஆண்டுக்கணக்கில் காய்ந்து கோந்துபோல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட்டு, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் திருகுகளைத் தளர்த்துங்கள். பிறகு மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக மெதுவாகத் திருகித் திருகி விலக்குங்கள்.

ஆனால் ஒரு மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். ஏ320 மதர்போர்டுகளில் செயலிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி எளிமையானது. பலவற்றில் அதன்மேல் வெப்பத்தகடுகூட இருக்காது. நாள் முழுவதும் காணொளி தொகுக்கும் கடைக்கு, பழையதாக ஒரு பி450 அல்லது பி550 மதர்போர்டு வாங்கி, இதே செயலியையும் இதே ரேமையும் அதில் போடுவது பாதுகாப்பு அல்லவா?

மழைநகர் (தைப்பிங்)

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. 5900எக்ஸ் போன்ற 105 வாட் செயலியாக இருந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 5600 ஒரு 65 வாட் செயலி. முழுச் சுமையிலும் சாக்கெட் வழியாக அது எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அளவு 76 வாட். இப்போது இருக்கும் 2200ஜி-யும் அதே 65 வாட் வகைதான். பெட்டிக்குள் காற்று நன்றாகப் போய்வருமானால் இந்த மதர்போர்டு தாங்கும். அம்மா இழப்பது என்னவென்றால், பிசிஐ (கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் செருகும் இணைப்பு) 4.0 வேகம் கிடைக்காது, 3.0-இல் ஓடும், செயலியின் வேகத்தைக் கையால் கூட்ட முடியாது. அச்சுக் கடையில் இரண்டும் தேவைப்படாது. மின்வழங்கும் பகுதிக்கு நேராகக் காற்றடிக்கும்படி ஒரு சிறு விசிறி வைத்தால் போதும். மதர்போர்டுக்கு ஆகும் செலவைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம்.

இனி பயாஸைப் புதுப்பிப்பது பற்றி. அம்மா, இந்த ஒரு வேலையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அரை நொடி போனாலும் மதர்போர்டு எழுந்திருக்காமல் போகலாம். நம் பக்கத்தில் மாலை மூன்று மணிக்கு மேல் எப்போது இடி இடிக்கும் என்று சொல்ல முடியாது. வானம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்து இதைச் செய்யுங்கள். உங்கள் மதர்போர்டுக்கு உரிய தயாரிப்பாளரின் பக்கத்தில் செயலிப் பட்டியலைத் திறந்து, 5600 என்ற வரிக்கு நேரே எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று போட்டிருக்கிறதோ அதையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். குறிப்பில் ஏஜெசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டி-யின் அடிப்படை நிரல்) 1.2.0.7 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நல்லது. டிபிஎம்-ஐ (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புப் பகுதி) இயக்கினால் கணினி அவ்வப்போது ஒரு நொடி திணறிய சிக்கல் அந்தப் பதிப்பில்தான் தீர்க்கப்பட்டது. 2018-இலிருந்து நேரடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவாமல் இடையில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டு வருமாறு சில மதர்போர்டுகளில் சொல்லியிருப்பார்கள். அந்தக் குறிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள். புதிய பதிப்பில் 2200ஜி-க்கும் ஆதரவு தொடர்கிறதா என்பதையும் அதே பட்டியலில் பாருங்கள். பயாஸ் சில்லில் இடம் குறைவு என்பதால் சில மதர்போர்டுகளில் மிகப் பழைய செயலிகளின் ஆதரவை நீக்கிவிட்டார்கள்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் அழித்துத் தயார்செய்து, கோப்பைப் பிரித்து அதில் போட்டு, விண்டோஸுக்குள்ளிருந்து அல்லாமல் பயாஸுக்குள் இருக்கும் புதுப்பிக்கும் கருவி வழியாகச் செய்யுங்கள். முடிந்ததும் 5600-ஐ உடனே மாட்ட வேண்டாம். பழைய செயலியிலேயே விண்டோஸ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான், கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று தெரியும்.

கடைக்காரி (சுங்கை சிப்புட்)

ஐயா, நேற்றுக் காலை எட்டு மணிக்கு, மழை அறிகுறி இல்லாத நேரத்தில், நீங்கள் சொன்னபடியே இடைப்பதிப்பு ஒன்றையும் பிறகு 1.2.0.7 என்று குறிப்பிட்ட பதிப்பையும் போட்டேன். இரண்டும் நல்லபடியாக முடிந்தன. ஆனால் இப்போது 2200ஜி-யோடு படம் வருகிறது, விண்டோஸ் திறக்கவில்லை. துவக்கக்கூடிய வட்டு இல்லை என்று ஆங்கிலத்தில் வருகிறது. பயாஸுக்குள் எஸ்எஸ்டி-யின் பெயர் தெரிகிறது. வாடிக்கையாளர்களின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மிகவும் கவலையாக இருக்கிறது.

மழைநகர் (தைப்பிங்)

கவலை வேண்டாம் அம்மா, உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பயாஸைப் புதுப்பித்ததும் அமைப்புகள் அனைத்தும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். இந்த எஸ்எஸ்டி வேறொரு பழைய கணினியிலிருந்து எடுத்துப் போட்டதா? அப்படியானால் அதில் விண்டோஸ் எம்பிஆர் என்னும் பழைய முறையில் நிறுவப்பட்டிருக்கும். அது துவங்க, பழைய முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பு இயங்க வேண்டும். புதிய பயாஸ் அதை அணைத்துவிட்டிருக்கும். துவக்கப் பகுதியில் சிஎஸ்எம்-ஐ இயக்கிச் சேமித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

விண்டோஸ் திறந்ததும் முதல் வேலையாக எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிறகு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியைக் கொண்டு வட்டைப் புதிய முறைக்கு மாற்றிவிட்டு, சிஎஸ்எம்-ஐ அணைத்துவிடலாம். விண்டோஸ் 11-க்கு எப்படியும் இந்த மாற்றம் தேவைப்படும். பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் செயலிக்குள் இருப்பதால், செயலி மாறும்போது பழைய திறவுகோல்கள் அழிந்துவிடும்.

செம்பனை (தெலுக் இந்தான்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஐ5 7400 செயலியும் பி250 மதர்போர்டும் 16 ஜிபி டிடிஆர்4 ரேமும் உள்ளன. எனக்கும் விண்டோஸ் 11 சிக்கல்தான். ஐ5 8400-உம் அதே 1151 சாக்கெட் என்று போட்டிருக்கிறது. பயாஸைப் புதுப்பித்து அதைப் போட்டுவிடலாமா?

குன்றடி (ஈப்போ)

முடியாது அண்ணா. 1151 என்பது இரு பக்கமும் ஒன்றாகத் தெரிந்தாலும், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் செயலிகளுக்கு இன்டெல் நிறுவனம் ஊசிகளின் மின்பங்கீட்டை மாற்றிவிட்டது. அவற்றுக்கு 300 வரிசை மதர்போர்டு வேண்டும். உங்கள் பி250 ஆறு, ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடும். அதில் ஐ7 7700 வரை போடலாம், ஆனால் அதுவும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை.

உங்கள் நிலையில் மதர்போர்டையும் செயலியையும் மாற்றி, ரேமை மட்டும் காப்பாற்றிக்கொள்வதே சிக்கனம். ஐ3 12100 செயலியும் எச்610 மதர்போர்டும் போதும். 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 மதர்போர்டும் உண்டு. ஒரே மதர்போர்டு இரண்டையும் ஏற்பது அரிது என்பதால், பெட்டியில் டிடிஆர்4 என்று தெளிவாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வகை ரேமுக்கும் 288 தொடுமுனைகள்தாம், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறிடத்தில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் ஒருபோதும் அழுத்தாதீர்கள். 12100எஃப் என்று மலிவாக வந்தால் வாங்க வேண்டாம். அந்த 'எஃப்' உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. கடைக்கார அக்காவுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

கடைக்காரி (சுங்கை சிப்புட்)

ஐயா, சிஎஸ்எம்-ஐ இயக்கியதும் விண்டோஸ் திறந்துவிட்டது. எஸ்எஸ்டி, நீங்கள் ஊகித்தபடியே, என் தம்பியின் பழைய கணினியிலிருந்து வந்ததுதான். எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, வட்டையும் மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு ஐயங்கள். கிராஃபிக்ஸ் கார்டு எது வாங்குவது? தம்பியிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று சும்மா கிடக்கிறது. வேறொருவர் ஜிடி 1030 தருவதாகச் சொல்கிறார். இரண்டாவது, பழைய 2400 ரேமையும் புதிய 3200 ரேமையும் சேர்த்துப் போடலாமா?

மழைநகர் (தைப்பிங்)

தம்பியின் 1050 டிஐ-யையே எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியை எச்.264 முறையில் சுருக்குவதற்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. ஜிடி 1030-இல் அது கிடையாது. பெரும்பாலான 1050 டிஐ கார்டுகள் மதர்போர்டில் தாம் செருகப்படும் துளையிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்து ஓடிவிடும், தனி மின்கம்பி கேட்காது. திரைக்குப் போகும் கம்பியை இனி மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருக வேண்டும். இதை மறந்துவிட்டு மறுபடி கறுப்புத் திரையைப் பார்த்துக் கலங்கியவர்களை நான் நிறைய சந்தித்திருக்கிறேன்.

ரேமைப் பொறுத்தவரை, தாராளமாகச் சேர்த்துப் போடலாம், ஆனால் இரண்டும் மெதுவான ரேமின் வேகத்துக்கு, அதாவது 2400-க்கு இறங்கி ஓடும். அது நட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 3200 ரேம் ஒன்று மட்டும் ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும். 2400 ரேம் இரண்டு, இரண்டு துளைகளிலும் சேர்ந்து இரட்டைத் தடத்தில் 38.4 ஜிபி கடத்தும். கொள்ளளவும் 16 ஜிபி ஆகிறது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை மட்டும் இப்போது தொடாதீர்கள். அது 3200 வேகத்தை இரண்டு ரேமுக்கும் சேர்த்தே கேட்கும். பழையது அதைத் தாங்காமல் போகலாம். பிற்பாடு ஒரே பெட்டியில் வரும் 3200 இணை ரேம் வாங்கினால், அப்போது எக்ஸ்எம்பி-யை இயக்கி 51.2 ஜிபி-யை முழுமையாகப் பெறலாம்.

இப்போது 5600-ஐ மாட்டலாம். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசையைப் பட்டாணி அளவு வையுங்கள். 2200ஜி-யின் விசிறியே போதும். முதல் துவக்கத்தில் திரை ஒரு நிமிடம் வரை கறுப்பாக இருந்து, தானாக அணைந்து எழக்கூடும். ரேமைப் பழகிக்கொள்கிறது, பொத்தானைத் தொட வேண்டாம். புதிய செயலி வந்திருக்கிறது, டிபிஎம்-ஐ அழிக்கட்டுமா என்று கேட்டால், பிட்லாக்கர் இல்லாதபோது ஒய் என்ற விசையை அழுத்திவிடலாம்.

கடைக்காரி (சுங்கை சிப்புட்)

ஐயா, தம்பி குன்றடி, இருவருக்கும் நன்றி. இன்று காலை முடித்துவிட்டேன். செயலியைச் சூடாக்கித் திருகிக் கழற்றியதில் இம்முறை அது சாக்கெட்டிலேயே இருந்தது. 5600-ஐ மாட்டி இயக்கியதும் முதல் ஐம்பது நொடி கறுப்புத் திரைதான். நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு டிபிஎம் கேள்வி வந்தது, ஒய் அழுத்தினேன், விண்டோஸ் திறந்தது. விண்டோஸ் 11-க்கான சோதனையிலும் தகுதி உண்டு என்று காட்டுகிறது.

ரேம் 16 ஜிபி, 2400 வேகத்தில், இரட்டைத் தடத்தில் ஓடுகிறது. சென்ற ஆண்டுக் காவடிக் காணொளி ஒன்றை, முன்பு 40 நிமிடங்களுக்கு மேல் எடுத்ததை, மறுபடி சுருக்கிப் பார்த்தேன். 9 நிமிடங்களில் முடிந்தது. அரை மணி நேரம் தொடர்ந்து ஓடியபோது செயலியின் வெப்பம் 74 பாகைக்கு மேல் ஏறவில்லை. மின்வழங்கும் பகுதிக்கு நேரே விசிறி வைக்கும் வேலை மட்டும் மீதமிருக்கிறது. நாளை வாங்கி வைத்துவிடுகிறேன். பழைய 2200ஜி-யைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்காவது படிப்புக்கென்று ஏஎம்4 கணினி ஒன்று சேர்க்க வேண்டியிருந்தால், அது அதற்குப் போகும்.